இடம்பெயர்ந்த விஞ்ஞானப் பகுதி

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, எமது ஆய்வுகூடத்தைப் பூட்டிய நிலையில் விட்டு வந்தோம். தென்மராட்சியில் வேறொரு பாடசாலையில் மாலைநேர வகுப்புகள் ஆரம்பமாகின. விஞ்ஞானப் பகுதித் தலைவியாயிருந்த எமது ரீச்சர் முதலில் சக ஆசிரியைகளை ஒன்றுகூட்டினார். கைவசமிருந்த பாடக்குறிப்புகள் அனைத்தையும் பொதுவாக்கி, ஆளுக்கொரு அலகாகப் பகிர்ந்தளித்தார். எவரும் விரும்பாத அலகைத் தாமே ஏற்றார். நோயுற்ற தாயாருடன் அல்லலுற்ற ஆசிரியையின் பாடவேளைகளை ஏனையோர் முறைவைத்து நடத்தினர். குறை கண்டால் தனியே அழைத்துத்தான் சொல்வார். பரிசோதனை செய்யாமலே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றப்போகிறோமே என்ற பயம் எமக்கிருந்தது. அதை மறைக்காமல் எம்முடன் பேசினார்கள். 1996இல் திரும்பியபோது ஆய்வுகூடத்தில் எஞ்சியவை கண்ணாடித் துண்டுகளே. ஆசிரியைகள் மட்டும் பிரியாதிருந்தனர். எம்முள் இன்று பகுதித் தலைவிகளாய் இருப்போர், கடினமான அலகைத் தமக்கென எழுதிய பின்னரே நேரசூசியை வகுக்கின்றனர்.