மதர் 2

மதர் 2, நின்டென்டோ நிறுவனம் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காக 1994 ஆகஸ்ட் 27 அன்று ஜப்பானில் வெளியிட்ட வீடியோ கேம். அமெரிக்காவில் இதன் பெயர் எர்த்பவுண்ட். கதாபாத்திரமாக மாறி ஆடும் வகையைச் சேர்ந்தது. 1989இல் வந்த மதர் ஆட்டத்தின் தொடர்ச்சி. இரண்டையும் உருவாக்கியவர் ஷிகெசாட்டோ இடோய். விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்ற இவர், மியாசாகியின் 'என் அண்டைவீட்டு டோட்டோரோ' படத்தில் தந்தை பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரும்கூட.

அக்காலத்தில் இவ்வகை ஆட்டங்கள் என்றாலே வாள், மந்திரம், அரக்கர் கோட்டை என்றிருந்தன. இடோய் கதையை அமெரிக்கச் சாயல் கொண்ட சிற்றூர் ஒன்றுக்குக் கொண்டுபோனார். ஓர் இரவு ஊருக்கு வெளியே விண்கல் விழ, நெஸ் என்னும் சிறுவன் படுக்கையிலிருந்து எழுந்து பார்க்கப் போகிறான். அவன் ஆயுதம் பேஸ்பால் மட்டை, பசிக்கு ஹாம்பர்கர். கைச்செலவுக்குத் தந்தை வங்கிக் கணக்கில் பணம் போடுவார், ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தந்தை கடைசிவரை தொலைபேசிக் குரலாக மட்டுமே வருகிறார்; ஆடியதைச் சேமிக்கவும் அவரைத்தான் அழைக்க வேண்டும். அம்மாவிடம் பேசி நாளானால் நெஸ்ஸுக்கு வீட்டு ஏக்கம் வந்து, சண்டையில் கவனம் சிதறும். உரையாடல்களை இடோய் பெரும்பாலும் வாயால் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவற்றில் பேச்சின் இயல்பு மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

சண்டை முறையிலும் புதுமை உண்டு. அடி வாங்கியதும் உயிர்ப்புள்ளிகள் ஒரேயடியாகக் குறைவதில்லை. வண்டியின் கிலோமீட்டர் மானிபோல எண்கள் மெல்லச் சுழன்று இறங்கும். அவை பூச்சியத்தைத் தொடுமுன் சிகிச்சை செய்தாலோ எதிரியை வீழ்த்தினாலோ பிழைத்துக்கொள்ளலாம். மிகவும் பலவீனமான எதிரி எதிர்ப்பட்டால் சண்டையே இல்லாமல் வெற்றி கிடைத்துவிடும்.

உருவாக்கம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இழுத்தது; இடையில் கைவிடும் நிலைக்கும் போனது. அப்போது உதவிக்கு வந்தவர், பின்னாளில் நின்டென்டோவின் தலைவரான சட்டோரு இவாட்டா. இருக்கும் நிரலைத் திருத்தினால் இரண்டு ஆண்டுகள் ஆகும், முதலிலிருந்து எழுதவிட்டால் ஆறு மாதம் போதும் என்று அவர் சொன்னது ஜப்பானிய கேம் உலகில் இன்றும் பேசப்படுகிறது. புதிதாக எழுதுவதே முடிவாயிற்று. ஆட்டமும் பிழைத்தது. கெயிச்சி சுசுகி, ஹிரோகாசு தனாகா ஆகியோர் இதன் முதன்மை இசையமைப்பாளர்கள்.

ஜப்பானில் 5 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. 1995 ஜூனில் அமெரிக்காவுக்குப் போனபோது மதுக்கூடங்கள் காபிக்கடைகளாயின. மருத்துவமனைகளின் சிவப்புச் சிலுவைக் குறிகள் நீக்கப்பட்டன. வழிகாட்டிப் புத்தகமும் சேர்ந்ததால் பெட்டி பெரிதாயிற்று. விளம்பரமோ 'இந்த கேம் நாறுகிறது' என்று அறிவித்து, சுரண்டினால் துர்நாற்றம் வீசும் அட்டைகளை நீட்டியது. முப்பரிமாணத் தோற்றத்துக்கு மயங்கியிருந்த காலம் அது; குழந்தைகள் கிறுக்கியதுபோல் எளிமையான படங்களைச் சில விமர்சகர்கள் பழமை என்று ஒதுக்கினர். விற்பனை சுமார் 1.4 லட்சத்தில் நின்றது. ஆட்டத்தின் உயிரான எழுத்தைப் பற்றி மூச்சுவிடாத அந்த விளம்பரத்துக்கு இந்தத் தோல்வியில் பெரும் பங்குண்டு.

1999இல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டத்தில் நெஸ் இடம்பெற, புதிய தலைமுறை இதைத் தேடத் தொடங்கியது. பழைய பிரதிகள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறின. ரசிகர்களின் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 2013இல் வீ யு கருவிக்கும், 2022இல் ஸ்விட்ச் கருவிக்கும் மறுபடி வந்தது. அண்டர்டேல் ஆட்டத்தை 2015இல் வெளியிட்ட டோபி ஃபாக்ஸ், இதன் ரசிகர் வட்டத்தில் வளர்ந்தவர்.

தொடரின் மூன்றாம் ஆட்டமான மதர் 3, ஜப்பானில் 2006இல் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பை நின்டென்டோ தராததால், 2008இல் ரசிகர்களே அதை மொழிபெயர்த்து வெளியிட்டார்கள்.