வேப்பமரத்தாற் சமைத்த கப்பல்

நம் குருவிநத்தத்தில் வேப்பமரம் நில்லாத தெரு இல்லை. அதன் கொழுந்தை மருந்தாகவும், குச்சியைப் பற்கோலாகவும், நிழலை ஊர்ப்பேச்சுக்கு உரிய கூடமாகவும் நாம் பயன்படுத்தி வருகின்றோம். அம்மரத்தால் 89 அடி நீளமும் 19 அடி அகலமுமுள்ள கப்பலொன்றைக் கட்டி, அதனை அமெரிக்கா வரையில் ஓட்டிச் சென்ற தமிழர் இருந்தனர் என்றால், நம்மவரிற் சிலர் அதனைப் பழங்கதை என்றே எண்ணக்கூடும். அது பழங்கதையன்று, 1938-ஆம் ஆண்டில் முடிவுற்ற மெய்ச்செய்தி.

ஊருக்குத் தெற்கே ஓடும் பெண்ணையாறு கடலூருக்கு அருகே கடலிற் கலக்கின்றது. கடல் இவ்வளவு அணித்தாயிருந்தும், ஏரையும் ஏரியையும் நம்பி வாழும் நமக்கு மரக்கலச் செய்தி எட்டுவது குறைவு. ஒன்று மட்டும் நம்மிற் பலர் கேட்டிருப்பர். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாயிருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்களுக்கு ‘ஆனந்தப்புரவி’ என்னும் சொந்தக் கப்பல் ஒன்று இருந்தது. அப்பெயரைக் கேட்டவுடன் பிள்ளையவர்களை நினைப்பாரேயன்றி, அதற்குப் பலகை இழைத்த தச்சரை நினைப்பார் இல்லை. உடையவர் பெயர் நிலைப்பதும் உழைத்தவர் பெயர் மறைவதும் உலக இயற்கை போலும்! நாம் சொல்லப் புகுந்த வேப்பமரக் கப்பலுக்கோ, உழைத்தவர் பெயரோடு அதன் சொந்தப் பெயரும் மறையவிருந்தது.

கோடிக்கரைக்கு எதிரே, யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்னும் ஊர் உளது. அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியும் ஓட்டியும் வாழ்ந்தவர்கள். நாகப்பட்டினம், காக்கிநாடா, இரங்கூன் முதலிய துறைகளெல்லாம் அவர்களுக்கு நமக்குப் பாகூர்ச் சந்தை எப்படியோ அப்படி. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் அவர்கள் கலங்களில் வந்திறங்கின. அங்கே 1930-ஆம் ஆண்டளவில் சுந்தரம் மேஸ்திரியார் என்பவர் தலைமையில் ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பல் கட்டப்பட்டது என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இத்தகைய கலங்களைக் கட்டும் முறை அறியத்தக்கது. காகிதத்தில் படம் வரைந்து பார்க்கும் வழக்கம் அந்நாளைய கரையோரத் தச்சரிடம் இல்லை. மேஸ்திரியின் கண்ணும் கையிலுள்ள அளவுகோலுமே படம். முதலில் அடிமரமாகிய ஏராவை மணலிற் கிடத்துவர். அதன் இருபுறமும் விலாவெலும்பு போல் வங்குகளை நிறுத்துவர். வங்குக்கு நேரான மரம் உதவாது. இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி வெட்டவேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு, அலை அறையும்போது அவ்விடத்திலேயே பிளக்கும். தானே வளைந்த மரத்திலோ நாரும் கூடவே வளைந்திருக்கும். மேழிக்கு வளைந்த கட்டை தேடும் நம் உழவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கப்பல் கட்டுவோன் காட்டில் மரத்தைப் பார்க்கும்போதே அது எவ்விடத்து வங்காகும் என்பதைத் தீர்மானித்து விடுகின்றான். வேம்பு கோணி வளரும் இயல்பினது. அதன் கசப்பைப் பூச்சிகளும் எளிதில் அணுகா. தேக்குக்கு விலை கொடுக்கவேண்டும், வேம்போ கொல்லையிலேயே நிற்கும் என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

வங்குகளின்மேற் பலகை தைத்தபின், இடுக்குகளிற் பஞ்சும் கயிற்று நாரும் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசுவர். இதற்குக் கலப்பற்று என்று பெயர். எத்துணை வலிய மரமாயினும் கலப்பற்றிற் பிழை நேர்ந்தால் நடுக்கடலில் நீர் இறைத்தே கைகள் ஓய்ந்துபோம்.

பின்னர் நல்ல நாள் பார்த்துக் கடலில் இறக்குவர். உருளைக் கட்டைகளின்மேற் கலத்தை ஏற்றி, கயிறு பூட்டி, ஊரார் எல்லோரும் கூடி இழுப்பர். நம் ஊர்களிலே தேர்வடம் பிடிப்பதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. தேர் நிலைக்குத் திரும்பி வரும். கலம் அலைக்குள் இறங்கிப் போய்விடும், அவ்வளவே.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் இந்தக் கப்பலை இலங்கையிற் கண்டு விலைக்கு வாங்கினார். அவர் பொழுதுபோக்குக்காகப் படகேறிய செல்வர் மட்டும் அல்லர். 1928 முதல் 1931 வரை ‘சுவாப்’ என்னும் சிறு பாய்க்கலத்தில் உலகத்தையே சுற்றி வந்தவர். பின்னாளில் தம் நாட்டிற் கப்பல் கட்டும் தொழிலும் நடத்தியவர். எந்தக் கலம் பெருங்கடலைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் அவர் கொடுத்த விலையை நாம் நற்சான்றாகவே கொள்ளலாம். வாங்கியவர் தம் மனைவியார் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று கப்பலுக்கு வேறு பெயர் இட்டார். விலை கொடுத்தவர்க்கு அவ்வுரிமை உண்டு; நாம் குறைகூறப் புகவில்லை. ஆயினும் அன்னபூரணி என்னும் அழகிய பெயர் ஒரு நாளில் அழிந்ததே என்று நெஞ்சம் வருந்தாமலும் இல்லை.

1937-இற் பயணம் தொடங்கிற்று. செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அட்லாண்டிக் கடல், பெர்முடாத் தீவு என்பது வழி. வரைபடத்தில் இதனை விரலால் தடவிக் காட்டுவது எளிது. செங்கடலின் வடபாதியில் ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கிலிருந்தே காற்று வீசும். வடக்கு நோக்கிச் செல்லும் பாய்க்கப்பலுக்கு அது எதிர்க்காற்று. ஒரு கரைப்பக்கம் சாய்ந்து ஓடி, பின் திரும்பி மறுகரைப்பக்கம் ஓடி, இவ்வாறு கோணல்மாணலாகவே முன்னேறவேண்டும். இரு மருங்கும் பவளப்பாறை. தவறினால் அடிமரம் பிளக்கும். வாடையும் சோழகமும் கச்சானும் எம்மாதத்தில் எழும், எம்மாதத்தில் அடங்கும் என்று வங்கக் கடலிற் பழகியறிந்த வல்வெட்டித்துறையார்க்கு இந்தக் கடல்கள் புதியவை. தெரிந்த காற்றை நம்பி ஓடுவது ஒன்று. தெரியாத காற்றுக்குத் தெரிந்த கைத்தொழிலை இணக்கிக்கொள்வது மற்றொன்று. பின்னதே அரிது.

1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர்த் துறையில் கப்பல் நங்கூரம் இட்டது. குளோஸ்டர் பேர்போன மீன்பிடி துறை. மரக்கலத்திலேயே பிறந்து வளர்ந்த மக்கள் அவ்வூரார். அத்தகையோர் கரையிற் கூடி நின்று இக்கலத்தை வியந்து நோக்கினர் என்பதே பெருஞ்சிறப்பு. பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையும் இதனைப் பெரிய செய்தியாக வெளியிட்டது. அமெரிக்கக் கப்பற்றலைவர் ஒருவரின் கீழ் இக்கலத்தை அங்குக் கொண்டு சேர்த்தவர்கள் தமிழ் மாலுமிகள் ஐவர். அவர்களுக்குத் தண்டையலாக இருந்தவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை.

இதுவே அமெரிக்கா கண்ட முதல் தமிழ்க் கப்பல் என்றும், இதற்கு ஒப்பான செயலே உலகில் இல்லை என்றும் சிலர் எழுதுகின்றனர். அத்தகைய மிகைமொழி வேண்டா. உள்ளதே போதிய பெருமை.

நான்கே ஆண்டுகளில், 1942-இல், ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே இரங்கூன் வாணிகம் அற்றது. நீராவிக் கப்பலோடு போட்டியிட்டு ஏற்கெனவே இளைத்திருந்த பாய்க்கப்பல் தொழில், யுத்தத்துக்குப் பின் எழுந்த சுங்கக் கட்டுப்பாடுகளால் மேலும் நலிந்தது. கட்டுவோர் குறைந்தனர், ஏரா, வங்கு, கலப்பற்று என்னும் சொற்களும் அகராதிக்குட் புகுந்துகொண்டன. மரக்கலம் கட்டும் முறை பற்றிய ‘கப்பல் சாத்திரம்’ என்னும் பழைய தமிழ் நூல் ஏட்டினின்றும் அச்சேறியது 1950-இல். அந்நூல் கைக்கு வந்தபோது, அதனைப் படித்துப் பார்த்து ‘இது சரி, இது பிழை’ என்று சொல்லவல்ல மேஸ்திரிகளோ நம் கரையில் அருகிவிட்டனர்.

நம் குடும்பங்களிலும் கடலூர்த் துறைக்கு மூட்டை ஏற்றி வண்டி ஓட்டியவர்களும், தோணிக்கு மரம் அறுத்துக் கொடுத்தவர்களும் இருந்திருக்கலாம். அங்கத்தினர் எவரிடமேனும் பழைய கணக்கேடோ, தோணித் தச்சர் பெயரோ, பாட்டனார் வாய்மொழியாகக் கேட்ட கப்பற் சொற்களோ இருந்தால், அவற்றை எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம். அடுத்துவரும் இதழ்களில் அனுப்பியவர் பெயரோடு வெளியிடுவோம்.