பிளாக்டவுன் பூர்வகுடிச் சிறார் பள்ளி

சிட்னிக்கு மேற்கே, ரிச்மண்ட் சாலையை ரூட்டி ஹில் வடக்குச் சாலை தொடும் இடத்தில் 1823 முதல் 1829 வரை விட்டுவிட்டு நடந்த அரசு உறைவிடப் பள்ளி. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்க ஆஸ்திரேலியாவில் எழுந்த முதல் நிறுவனத்தின் இரண்டாவது இருப்பிடம் இது. பிளாக்டவுன் என்ற ஊர்ப்பெயரும் இங்கிருந்த பூர்வகுடிக் குடியிருப்பால் வந்ததே. கட்டடம் எதுவும் இன்று எஞ்சவில்லை.

ஆளுநர் லாக்லன் மக்வாரி 1814 டிசம்பரில் பள்ளியை அறிவித்தார். அடுத்த மாதம் அதன் முதல் இருப்பிடமான பாரமட்டாவில் அது திறக்கப்பட்டது. சமயப் பணியாளர் வில்லியம் ஷெல்லியும் அவர் மனைவியும் பொறுப்பேற்றனர். எழுத்து, கணக்கு, கிறித்தவம், பெண்பிள்ளைகளுக்குத் தையல், ஆண்பிள்ளைகளுக்குப் பயிர்த்தொழில் ஆகியவை பாடங்கள். சேர்ந்த குழந்தையை, ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 வயது நிறையும்வரை பெற்றோரே வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாது என்பது விதி. மனமுவந்து பிள்ளைகளை விட்டவர்கள் சிலரே. 1816-இல் பூர்வகுடிகள்மீது படையை ஏவிய மக்வாரி, பள்ளிக்கெனச் சிறுவர் சிறுமியரைப் பிடித்துவரவும் அப்படைக்கு உத்தரவிட்டார். கல்விக் கருணை என்று எழுதப்பட்ட திட்டத்தை எடைபோட இந்த ஒரு உத்தரவு போதும்.

மாணவர்களில் பெயர் நிலைத்தவர் மரியா லாக். 1819-இல் நடந்த தேர்வில் வெள்ளையர் பிள்ளைகளையும் முந்தி முதல் பரிசு பெற்றவர். 1824-இல் ராபர்ட் லாக் என்ற கைதித் தச்சரை மணந்தார். மரியாவின் சகோதரர் கோல்பிக்கும், நுராஜிஞ்சி என்பவருக்கும் மக்வாரி பிளாக்டவுன் அருகே 30 ஏக்கர் நிலம் கொடுத்திருந்தார். கோல்பி இறந்தபின் அந்த நிலத்தைக் கேட்டு மரியா 1831-இல் ஆளுநருக்கு மனு எழுதினார். தன்னை மாற்றுவதற்காகக் கற்றுத்தரப்பட்ட எழுத்தை, தன் குடும்பத்தின் சொத்துரிமையைக் கேட்க அவர் பயன்படுத்திக்கொண்டார். நிலம் கைக்கு வந்தது 1843-இல்தான்.

பள்ளி மூடப்பட்டாலும் அதன் எண்ணம் சட்டமாக வளர்ந்தது. நியூ சௌத் வேல்ஸ் 1909-இல் பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1915-ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்ற ஆணை இல்லாமலே குழந்தையை எடுத்துச் செல்லும் அதிகாரத்தைப் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்துக்குக் கொடுத்தது. அந்த வாரியத்தின் வழித்தோன்றலான நல வாரியம் 1969-இல் ஒழிந்தது. இவ்வாறு நாட்டின் பல பகுதிகளிலும் பறிக்கப்பட்டவர்களே 'திருடப்பட்ட தலைமுறையினர்' எனப்படுவோர். நாடெங்கும் நடந்த இப்பிரிப்புகளை விசாரித்த தேசிய ஆணையத்தின் அறிக்கை 1997 மே மாதம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

பிரிக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றங்கள் பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. வட ஆட்புலத்தில் பிரிப்பை அனுமதித்த சட்டம் செல்லாது என்ற வாதத்தை 1997-இல் குரூகர் வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அச்சட்டத்தை எதிர்த்து நிற்க, ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் உரிமைகளுக்கான தனிப் பட்டியல் இல்லை. 2000-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில், பிரிக்கப்பட்ட இருவரான கியூபிலோ, கன்னர் தொடுத்த வழக்கும் தோற்றது. சாட்சிகள் பலர் இறந்துபோயிருந்தனர். கன்னரின் தாய் படிவத்தில் வைத்த கைநாட்டே அவரது சம்மதமாகக் கொள்ளப்பட்டது. நியூ சௌத் வேல்ஸில் தொடரப்பட்ட வில்லியம்ஸ் வழக்கும் வெல்லவில்லை. விலக்காக அமைந்தது தெற்கு ஆஸ்திரேலியாவின் புரூஸ் ட்ரெவரோ வழக்கு. 1957 கிறிஸ்துமஸ் அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 13 மாதக் குழந்தையான அவரை, பெற்றோருக்குத் தெரியாமல் அதிகாரிகள் வேறு குடும்பத்திடம் கொடுத்தனர். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அரசுக்கு முன்பே ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது ஆவணங்களில் வெளிப்பட்டது. 2007-இல் அவருக்கு 5,25,000 டாலர் இழப்பீடு தீர்ப்பானது. அதிகாரி சட்டத்தை மீறியிருந்தால் வழக்கு நிற்கும். சட்டமே பறித்திருந்தால் யார்மேல் வழக்குப் போடுவது என்பதே மற்றவர்களின் சிக்கல்.

எனவே பொறுப்பேற்பு வேறு வழிகளில் வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நியூ சௌத் வேல்ஸ் அரசு 2017-இல் தொடங்கிய ஈட்டுத் திட்டம், வாரியங்களால் பிரிக்கப்பட்டு உயிரோடிருப்பவர்களுக்குத் தலா 75,000 டாலர் வழங்கியது. 1820-களின் பிளாக்டவுன் குழந்தைகளுக்கு அதில் இடமில்லை.

நில உரிமையும் வழக்கால் கிட்டவில்லை. சிட்னிப் பகுதியில் அங்குள்ள பூர்வகுடியினரான தாருக் மக்கள் கோரிய பூர்வீக நில உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2004-இல் மறுத்தது. மரபுச் சட்டமும் வழக்கமும் அறுபடாமல் தொடர்ந்ததை நிறுவ வேண்டும் என்பது பூர்வீக நில உரிமைச் சட்டத்தின் நிபந்தனை. குழந்தைகளைப் பிரித்ததே அத்தொடர்ச்சியை அறுக்கத்தான். பள்ளி இருந்த இடம் 2011-இல் மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2018 அக்டோபரில், மாநில அரசின் நில மேம்பாட்டு நிறுவனமான லேண்ட்காம் அதைத் தாருக் மக்களின் அமைப்பொன்றுக்கு உரிமை மாற்றிக் கொடுத்தது.