நிலநடுக்கப் பட்டியலும் உருண்டைக் கணக்கும்

ஹிஜ்ரி 911இல் (கி.பி. 1505) கெய்ரோவில் மறைந்த இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்களின் நூல்களுள் 'கஷ்ஃபுஸ் ஸல்ஸலா அன் வஸ்ஃபிஸ் ஸல்ஸலா'வும் ஒன்று. (ஸாத், ஸாய் ஆகிய இரண்டையும் தமிழில் ஒரே எழுத்தால் எழுத நேர்வதால் தலைப்பின் அழகு நமக்குப் புலப்படுவதில்லை.) நிலநடுக்கம் பற்றிய நபிமொழிகளோடு, தம் காலம் வரையிலான அதிர்ச்சிகளையும் ஆண்டு வரிசையில் அதில் அவர் பதிந்தார். 1994இல் எகிப்து, அரேபியா, செங்கடல் பகுதிகளின் நிலநடுக்க வரலாற்றை வெளியிட்ட அம்ப்ரேசிஸ், மெல்வில், ஆடம்ஸ் ஆகியோருக்கு இத்தகைய அரபு நூல்கள் முதன்மைச் சான்றுகளாயின.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அறிவியல் ஒரு பட்டியலை எவ்வாறு படிக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும்.

நிலநடுக்க மையம் உருண்டையின் மீதுள்ள புள்ளி. ஃபிஜி, டோங்கா கடற்பகுதியில் கிழக்கு 179 பாகையில் ஒன்றும் மேற்கு 179 பாகையில் ஒன்றும் நிகழ்ந்தால், மேற்கை எதிர்க்குறியாகக் கொள்ளும் சாதாரணச் சராசரி பூஜ்ஜியமாகி, உலகின் மறுபக்கத்துக் கிரீன்விச் கோட்டைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு மையத்தையும் புவியின் நடுவிலிருந்து புறப்படும் ஓரலகு அம்பாகக் கொண்டு கூட்டுவர். கூட்டிய அம்பு நீண்டால் மையங்கள் நெருங்கியவை, குறுகினால் சிதறியவை. பாறைகளின் காந்தத் திசைகளை ஆராய்வதற்காக ரொனால்ட் ஃபிஷர் இக்கணக்கை 1953இல் செம்மைப்படுத்தினார். நிலநடுக்கங்களோ ஒரு புள்ளியைச் சூழாமல் புவித்தட்டு விளிம்புகளில் பட்டையாகப் படர்பவை. அவ்வடிவுக்கு 1974இல் பிங்காம் வெளியிட்ட முறை கூடுதலாகப் பொருந்தும்.

பருமைக்கும் ஒரு விதியுண்டு. பருமை ஒன்று குறையக் குறைய நிகழ்வுகள் ஏறத்தாழப் பத்து மடங்காகும் என்று குட்டன்பர்க்கும் ரிக்டரும் 1944இல் காட்டினர். சிறு அதிர்ச்சிகள் விடுபட்ட பட்டியலை இவ்விதி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய பட்டியல்களின் உண்மையான சிக்கல் இதுவே. 1303 ஆகஸ்ட் 8இல் (ஹிஜ்ரி 702) நேர்ந்த நடுக்கம் கெய்ரோவின் மினாராக்களைச் சாய்த்தது. அலெக்சாண்டிரியாவின் கலங்கரை விளக்கத்தைச் சிதைத்தது. அதன் மையத்தை ஆய்வாளர்கள் கிரீட் தீவை அடுத்த கடலில் வைக்கின்றனர். கெய்ரோ வரலாற்றாசிரியர்களின் வருணனைகளை மட்டும் அம்புகளாக்கினால், அவை நைல் கரையையே சுட்டும். எழுதியவர் வாழ்ந்த ஊரைத்தான் அவை அளக்கின்றன, பூமியின் பிளவை அல்ல.

எண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை. 1138இல் அலெப்போ நிலநடுக்கத்தில் 2,30,000 பேர் மாண்டனர் என்பது பரவலான செய்தி. 1137இல் ஜஸீராவிலும் 1139இல் கஞ்சாவிலும் நிகழ்ந்தவை இதனுடன் கலந்துவிட்டன என்று அம்ப்ரேசிஸ் 2004இல் விளக்கினார். அவ்வெண்ணை முதலில் அலெப்போவுக்குரியதாகக் கூறியவர் 15ஆம் நூற்றாண்டின் இப்னு தஃக்ரீபிர்தீ. நிகழ்வுக்கும் அவருக்கும் இடையே முந்நூறு ஆண்டுகள்! ஹதீஸ் கலையில் தொடர் அறுந்த இத்தகைய அறிவிப்பை 'முன்கதிஃ' என்று ஒதுக்குவோம். ஆயினும் பல நிலநடுக்கப் பட்டியல்களில் அவ்வெண் 1138க்கு நேரே இன்றும் நிற்கிறது.