முதல் பட்டதாரியா? முதல் செமஸ்டரில் தனியா நிக்காதீங்க!

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. சீட் ஓகே. ஆனா, இங்கிலீஷ்ல ஓடுற கிளாஸ், அரியர் பயம்... வீட்டில் காலேஜ் போனவங்களே இல்லைன்னா யார்கிட்ட கேட்கிறது?

வழிகாட்டி: பொறியியல் கல்லூரிகளுக்கான ஏ.ஐ.சி.டி.இ அறிமுகப் பயிற்சித் திட்டப்படி, சுமார் 20 மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் வழிகாட்டியா இருக்கணும். உங்களுக்கு யார்னு முதல் வாரமே கேளுங்க.

சீனியர்: தமிழ் மீடியத்துல படிச்சு வந்த ஒருத்தரைத் தேடிப் பிடிங்க. எந்தப் பாடத்தில் சறுக்கும்னு அவருக்குத் தெரியும்.

சிறப்பு வகுப்பு: பின்தங்கிய பாடத்துக்குத் தனி கோச்சிங் இருக்கானு துறைத்தலைவரிடம் விசாரிங்க. இன்டர்னல் தேர்வுக்கு முன்னாடியே சேர்ந்தாதான் பலன்.

கேள்வி கேட்டா சிரிப்பாங்களோன்னு தயங்காதீங்க. அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம். அரியர் ஆறு மாசம்!