மறைந்திருந்த சாரதி

ஊவா நேயர்களுக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. தியத்தலாவையின் 'பொக்ஸ் ஹில்' ஓட்டப்பாதையை அறியாதார் பதுளையில் மிகச் சிலரே. ஆங்கு வெல்வது சாரதியின் கைத்திறனா, பொறியின் அறிவா?

உலக அரங்கில் இவ்வினா 1994இல் கூர்மையடைந்தது. சில்லு வீணே சுழலாமற் காப்பது முதலிய இலத்திரனியல் உதவிகள், போர்முலா வண் பந்தயத்தில் அவ்வாண்டு விலக்கப்பட்டன. எனினும் பெனட்டன் குழுவினரின் வண்டிக் கணினியுள், புறப்பாட்டைத் தானே சீராக்கும் நிரலொன்று இருக்கக் கண்டனர். அதனைப் பயன்படுத்தியமைக்குச் சான்று கிடைத்திலது, ஐயமோ அகன்றிலது. கண்டறிய இயலாத குற்றத்தை விதி எங்ஙனம் தடுக்கும்? ஆதலின் 2001இல் அவ்வுதவியை மீண்டும் அனுமதித்தனர். 2008இலேதான் வழி பிறந்தது. எல்லா வண்டிகளுக்கும் ஒரேவகைக் கட்டுப்பாட்டுக் கணினியை விதித்து, உதவியை விலக்கினர்.

வானொலி அலையால் இயங்கும் சிறுவண்டிப் பந்தயத்திலும் இச்சிக்கல் உண்டு. வண்டி சறுக்குங்கால் திசையைத் தானே திருத்தும் கருவி, அலைவாங்கியினுள்ளேயே ஒளிந்திருக்கக்கூடும்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசைப் பெண்கள் உற்று நோக்குவது எதற்காக? அளவை யாவரும் காணக் கிடந்தாலன்றோ உழைப்பு மதிப்புப் பெறும். தடையை எழுதுதல் எளிது. அதனைச் சோதித்தறியும் வழி கண்ட பின்னரே நேர்மை நிலைபெறும்.