மூலைமட்டமும் கவராயமும்

லாட்ஜ் என்றதும், பிழைக்க வெளியூர் வந்த நமக்குத் தங்கும் விடுதியே நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அது முன்னாளில் கல்தச்சரின் பணிக்கொட்டிலைக் குறித்த சொல். அதனையே தம் கூட்டத்துக்குப் பெயராகக் கொண்டனர் பிரீமேசன் சகோதர சங்கத்தார். 1717-இல் இலண்டனில் தலைமைச் சபை கண்ட இவர்கள், 1730 அளவிலேயே கல்கத்தாவிலும் லாட்ஜ் அமைத்தனர்.

கொத்தரின் மூலைமட்டமும் கவராயமும் இவர்தம் சின்னங்கள். முன்னது நேர்மையை, பின்னது தன்னடக்கத்தைக் குறிக்கும். புதியவன் கண் கட்டப்பட்டு உள்ளே வருவான். மறைநூல் மீது கைவைத்து உறுதிமொழி ஏற்றபின் ஆட்டுக்குட்டித் தோல் ஏப்ரன் அணிவான். உள்ளே பிரபுவும் வணிகனும் சமம் என்பது கொள்கை.

ஆயின் அக்கதவு நம் நாட்டவர்க்கு எளிதில் திறந்ததா? 1770-களில் ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் சேர்க்கப்பெற்றார். இலண்டனிலிருந்து ஏப்ரனும் விதிநூலும் அவர்க்குப் பரிசாக வந்தன. அரச குலத்தார்க்கு அவ்வளவு எளிது! பம்பாய்ப் பார்சியாரான மானெக்ஜி கர்செட்ஜியோ பாரிசு நகர் சென்றே உறுப்பினராக நேர்ந்தது. 1843-இல்தான் பம்பாயில் இந்தியர்க்கென ஒரு லாட்ஜ் தோன்றிற்று.

இந்துக்கள் பாடு இன்னும் கடினம். பல தெய்வம் தொழுவோன் ஒரே இறைவன் மீது எங்ஙனம் ஆணையிடுவான் என்று தடுத்தனர். கல்கத்தாவின் பிரசன்ன குமார் தத்தர் 1863-இல் விண்ணப்பித்து, வாதாடி, 1872-இல்தான் உள்ளே புகுந்தார். அந்த ஒன்பதாண்டுப் பொறுமையே நம்மை வியக்க வைக்கிறது.

1961-இல் இந்தியாவுக்கெனத் தலைமைச் சபை அமைந்தது. இன்று இந்நாட்டு லாட்ஜுகளில் கீதை, குர்ஆன், பைபிள் முதலியன ஒரே பீடத்தில் உள்ளன. அவரவர் தம் மறைநூல் மீதே கைவைக்கின்றனர்.